சீலியாக் சந்தேகமா? டெஸ்ட் எடுக்கும் முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்

கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, அதனால் அதையே விட்டுவிட்டேன், இப்போது நன்றாக இருக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலைதான் வருகிறது. சீலியாக் என்பது, கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் நோய் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைச் சேதப்படுத்தும் நோய். அதற்கு முதலில் செய்யும் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனை தேடுவது, குளூட்டன் உள்ளே போவதால் உடலில் உருவாகும் ஆன்டிபாடிகளை. சாப்பிடுவதை நிறுத்தினால் அவை மெல்லக் குறையும், சிறுகுடலில் சத்தை இழுக்கும் குடலுறிஞ்சிகளும் ஆறத் தொடங்கும். நோய் இருக்கும், ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்று வரும்! அப்புறம் உறுதிசெய்ய வேண்டுமென்றால் வாரக்கணக்கில் மறுபடியும் குளூட்டன் சாப்பிடச் சொல்வார்கள், அது பெரிய அவஸ்தை. டெஸ்ட் எடுக்கும்போது மொத்த ஐஜிஏ (ஒரு வகை ஆன்டிபாடி) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அது இயல்பிலேயே குறைவு, அப்போது இந்த டெஸ்ட் நோயைத் தவறவிடும்.

வயிற்றுப்போக்கு இல்லையே, எனக்கு எப்படி இருக்கும் என்று நினைப்பதும் தவறு. மாத்திரை சாப்பிட்டும் ஏறாத இரும்புச்சத்து, எலும்புத் தேய்மானம், அரிப்போடு வரும் கொப்புளங்கள் என்று இது வேறு வடிவங்களிலும் வரும்.

நோய் உறுதியான பிறகு நடக்கும் பெரிய தவறு, "கொஞ்சம்தானே" என்பது. இது அலர்ஜி இல்லை, நோய் எதிர்ப்புச் சக்தியே நம் குடலைத் தாக்குகிறது, வயிறு ஒன்றும் சொல்லாவிட்டாலும் உள்ளே சேதம் நடக்கலாம். குளூட்டன் இல்லை என்று லேபிள் போட சர்வதேச வரம்பே கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் என்றால், ரொட்டி வாட்டிய அதே டோஸ்டரும் மைதா சலித்த அதே சல்லடையும் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இவை இரண்டையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மைதாவில் தோய்த்ததைப் பொரித்த எண்ணெயும் வேண்டாம்.

கோதுமை இல்லை என்று போட்டிருந்தால் போதாது, பார்லியிலும் ரை தானியத்திலும் குளூட்டன் உண்டு. மால்ட் பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது, சாதாரண சோயா சாஸில் கோதுமை இருக்கும். ஓட்ஸில் கோதுமை கலந்திருக்க வாய்ப்பு அதிகம், குளூட்டன் இல்லாதது என்று சான்று உள்ளதாகப் பார்த்து, அதையும் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

குளூட்டன் இல்லாத பிஸ்கட் என்பதற்காக அது சத்தானது ஆகிவிடாது, சர்க்கரையும் ஸ்டார்ச்சும்தான் அதிகம். இரும்பு, வைட்டமின் டி, பி12 அளவுகளை அவ்வப்போது பாருங்கள்.

சரி, வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் மற்றவர்களை மறந்துவிடுகிறோம். பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தொந்தரவு ஒன்றும் இல்லாவிட்டாலும் அவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அதுவும் வீடு முழுக்கக் கோதுமையை நிறுத்தும் முன்பே.