அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு: பழைய காருக்கு எந்தக் கூலன்ட்?

பழைய காருக்குக் கூலன்ட் வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது "பச்சையா, சிவப்பா?" என்றுதான். நிறத்தை வைத்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம். எந்த வகைக் கூலன்டில் எந்தச் சாயத்தைக் கலக்க வேண்டும் என்று எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான விதி கிடையாது. பார்க்க வேண்டியவை இரண்டு: உங்கள் எஞ்சினுக்குள் தண்ணீர் எந்தெந்த உலோகத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, கேனுக்குள் இருக்கும் துருத்தடுப்பு எந்த வகை.

1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின் கொண்ட அம்பாசிடரில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்த ஹெரால்டிலும் அப்படித்தான். ஃபியட் 1100 வழியில் வந்த பிரீமியர் பத்மினியின் 1089 சிசி எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். மூன்று கார்களுக்கும் பொதுவானது ரேடியேட்டர்: பித்தளையும் செம்பும் சேர்ந்த கோர் (தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்கள் உள்ள நடுப்பகுதி), மேலும் கீழும் பித்தளைத் தொட்டி, எல்லாவற்றையும் பிணைத்து நிறுத்தும் ஈயப்பற்று. இத்தனை உலோகங்களில் மிகவும் பலவீனமானது அந்த ஈயப்பற்றுதான். அதைக் காப்பாற்றும் கூலன்டே பழைய காருக்குச் சரியான கூலன்ட்.

மூன்று வகைகள்

எல்லாவற்றிலும் அடிப்படைச் சரக்கு பெரும்பாலும் எத்திலீன் கிளைகால்தான். வேறுபடுவது அதில் சேர்க்கும் துருத்தடுப்பு.

ஐ.ஏ.டி. என்பது பழைய முறை. சிலிகேட், பாஸ்பேட், போரேட் போன்ற கனிம உப்புகள் உலோகம் முழுவதன் மேலும் சீக்கிரமே ஒரு படலமாகப் படிந்துவிடும். இரும்பு, பித்தளை, செம்பு, ஈயப்பற்று, அலுமினியம் எல்லாவற்றுக்கும் காவல் கிடைக்கும். குறை ஒன்றுதான்: படலம் போடப்போட மருந்து தீர்ந்துகொண்டே போகும். கார் ஓடினாலும் ஷெட்டில் நின்றாலும் இரண்டு வருடத்தில் மாற்றியாக வேண்டும்.

ஓ.ஏ.டி. என்பது கரிம அமில உப்புகளால் ஆனது. உலோகம் முழுவதையும் போர்த்தாது. அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் போய் ஒட்டும். அதனால் மெதுவாகச் செலவாகி ஐந்து வருடம் வரை தாங்கும். அலுமினிய ரேடியேட்டரும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ள புதிய கார்களுக்கு அருமையான சரக்கு. பழைய காரில் ஈயப்பற்றுக்கு அது தரும் காவல் போதாது. பற்று அரித்து, குழாய் வாய்களில் வெள்ளைப் பூப்பு கட்டி, கோர் அடைத்துக்கொள்ளும். இவ்வகையில் பலவற்றில் இருக்கும் 2-எத்தில்ஹெக்சனாயிக் அமிலம் சில சிலிகான் கேஸ்கட்டுகளையும் சீல்களையும் இளகவைக்கவும் செய்யும். "ஐந்து வருடம் மாற்ற வேண்டாம்" என்ற வாசகத்தில் மயங்கி வாங்கி ஊற்றுவது இதைத்தான்.

ஹைப்ரிட் என்பது கரிம அமிலத்தோடு சிலிகேட்டோ பாஸ்பேட்டோ சேர்த்தது. ஐ.ஏ.டி. கிடைக்கவே இல்லையென்றால், சிலிகேட் உள்ள ஹைப்ரிட்டை, செம்பு, பித்தளை, ஈயப்பற்றுக்கு ஏற்றது என்று கேனிலேயே எழுதியிருந்தால் மட்டும் எடுக்கலாம்.

ஆக, மேற்சொன்ன மூன்று கார்களுக்கும் ஐ.ஏ.டி.தான். செம்பு ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு அலுமினிய ரேடியேட்டர் மாட்டியவர்களுக்கும் ஐ.ஏ.டி. பொருந்தும். லாரி டீசல் எஞ்சின்களுக்கென்று வரும் நைட்ரைட் கூலன்ட் வேண்டாம். அது லைனர் (சிலிண்டரின் உள்ளுறை) குழிவிழாமல் இருக்கச் செய்தது. ஈயப்பற்றுக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது.

தண்ணீரே சேராத கூலன்டும் விற்கிறது. கொதிநிலை மிக அதிகம் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் அளவுக்கு அது சூட்டை ஏந்திச் செல்லாது, எஞ்சின் சற்றுக் கூடுதல் சூட்டிலேயே ஓடும். வழியில் குறைந்தால் குழாய்த் தண்ணீர் விட்டுச் சமாளிக்கவும் முடியாது. நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கடையில் எப்படிப் பார்ப்பது

கேனின் பின்புறத்தைப் படியுங்கள். பி.எஸ். 6580, ஏ.எஸ்.டி.எம். டி3306, ஐ.எஸ். 5759 போன்ற தர எண்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். எண் மட்டும் போதாது, ஏனென்றால் ஓ.ஏ.டி. கேனிலும் இதே எண்கள் வரலாம். "சிலிகேட் இல்லாதது", "ஆர்கானிக்", "லாங் லைஃப்", "5 வருடம்" என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். "ஐ.ஏ.டி.", "சிலிகேட் உள்ளது", "2 வருடம்" என்று இருந்தால் அதுதான் உங்களுக்கு. எதுவுமே எழுதாமல் படம் மட்டும் போட்ட கேனைத் தொட வேண்டாம்.

அடுத்து, அது கான்சன்ட்ரேட்டா, தண்ணீர் கலந்ததா என்று பாருங்கள். பழைய காருக்குக் கான்சன்ட்ரேட்தான் வசதி; ஏன் என்று பின்னால் வருகிறது. சந்தேகமிருந்தால் வீட்டுத் தராசில் சரியாக ஒரு லிட்டரை நிறுத்துப் பாருங்கள். கான்சன்ட்ரேட் லிட்டருக்கு 1,110 கிராமுக்கு மேல் வரும். பாதிக்குப் பாதி கலந்தது ஏறக்குறைய 1,070 கிராம். மூன்றில் ஒரு பங்கு உள்ளது 1,050 கிராமை ஒட்டி நிற்கும். ஆயிரம் கிராமுக்குப் பக்கத்தில் நின்றால் நீங்கள் வாங்கியது பச்சைத் தண்ணீர்தான். எடை சரியாக இருந்தால் கிளைகால் கலந்திருக்கலாம் என்பது மட்டுமே தெரியும். துருத்தடுப்பின் தரத்தைத் தராசு சொல்லாது.

எவ்வளவு கலக்க வேண்டும்

ஐம்பது சதவீதம் என்பது பனி உறையும் நாடுகளின் கணக்கு. அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நமக்கு அது தேவையே இல்லை. கிளைகால் கூடக்கூடத் தண்ணீரின் சூடு ஏந்தும் திறன் குறையும். பாதிக்குப் பாதி கலந்தால் பத்துப் பன்னிரண்டு சதவீதம் போய்விடும். ரேடியேட்டரில் கொஞ்சம் அடைப்பு உள்ள அம்பாசிடருக்குச் சித்திரை வெயிலில் அது பெரிய இழப்பு. மறுபக்கம், 25 சதவீதத்துக்குக் கீழே போனால் துருத்தடுப்பு போதாமல் போகும். அதனால் ஒரு பங்கு கான்சன்ட்ரேட்டுக்கு இரண்டு பங்கு தண்ணீர், அதாவது 33 சதவீதம். மைனஸ் 18 வரை தாங்கும், ஊட்டியின் மார்கழிக் குளிருக்கும் தாராளம்.

தண்ணீர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். போர்வெல் தண்ணீரின் கால்சியம் சூடான ஹெட்டுக்குள் உப்பாகப் படியும். கூலன்டில் பாஸ்பேட் இருந்தால் அதோடும் சேர்ந்து கட்டியாகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரைடு அரிப்பைக் கூட்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே ஐந்து லிட்டர் கேனாக வாங்குங்கள். கழுவலுக்கும் நிரப்பவும் சேர்த்து இரண்டு மூன்று கேன் தேவைப்படும்.

கழுவி நிரப்புதல்

இதுவரை என்ன ஊற்றினார்கள் என்று தெரியாத காரில் நேரடியாகப் புதுக் கூலன்டை ஊற்றக்கூடாது. ஓ.ஏ.டி.யும் ஐ.ஏ.டி.யும் கலந்தால் இரண்டின் பலனும் கெடும். சில சேர்க்கைகளில் கஞ்சிபோலத் திரிந்து குழாய்களை அடைக்கும். அவசரத்துக்கு ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டு ஒழுக்கை நிறுத்திய கார்களும் நிறைய. அந்தத் தூளும் இப்போது கோருக்குள் படிந்து கிடக்கும்.

எஞ்சின் நன்றாக ஆறியபிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கீழே உள்ள டிரெயின் காக்கைத் திறந்துவிடுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு டிரெயின் காக் இருக்கும். பெரும்பாலானவர்கள் இதைத் தொடுவதே இல்லை. அதைத் திறந்தும் சொட்டுத் தண்ணீர் வரவில்லையென்றால் உள்ளே துருச்சேறு கட்டியிருக்கிறது என்று அர்த்தம். கம்பியை விட்டுக் குத்தினால் முதலில் செம்மண் நிறத்தில் கெட்டியாகக் கசியும், பிறகு குபுக்கென்று பீறிடும். அந்தச் சேறு பின் சிலிண்டரைச் சுற்றித்தான் படியும். மேலே காற்று எவ்வளவு அடித்தாலும் கார் சூடாவதற்குப் பல நேரம் அதுவே காரணம்.

தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றிவிட்டு, ஹோஸ்களைப் பிரித்து, ரேடியேட்டருக்குள் கீழிருந்து மேலாகவும் பிளாக்குக்குள் மேலிருந்து கீழாகவும் தண்ணீரை ஓடவிடுங்கள். அழுத்தம் மிதமாக இருக்கட்டும். பிறகு ஹோஸ்களை மாட்டி, ஐந்து லிட்டர் தண்ணீருக்கு 100 முதல் 150 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து ஊற்றி, அரைமணி நேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, கைபொறுக்கும் சூடு வந்ததும் வடித்துவிடுங்கள். அடுத்து அமிலத்தை முறிக்க வேண்டும். அம்பாசிடர், ஹெரால்டுக்கு ஐந்து லிட்டருக்கு 50 கிராம் சலவை சோடா. பத்மினிக்குச் சலவை சோடா கூடவே கூடாது, அலுமினிய ஹெட்டை அரிக்கும். அதே அளவு ஆப்ப சோடா போடுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு வடித்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். இத்தனைக்குப் பிறகும் கோரின் நடுவில் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்தே கிடந்தால் அது முற்றிலும் அடைத்த குழாய். ரேடியேட்டர் கடையில் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

துரு போனதும் ஒழுக்கு தெரிய ஆரம்பிக்கலாம். அதுவரை ஓட்டையை அடைத்திருந்ததே துருதான். நல்ல ரேடியேட்டரைக் கழுவல் ஓட்டையாக்காது.

கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில், லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றுங்கள். உங்கள் காரின் கொள்ளளவு ஏறக்குறைய அதிலேயே தெரிந்துவிடும். 6 லிட்டர் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். வடித்துவிட்டு, தெர்மோஸ்டாட்டைப் புது கேஸ்கட்டோடு மாட்டி, முதலில் 2 லிட்டர் கான்சன்ட்ரேட்டை ஊற்றுங்கள். மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். எவ்வளவு வடித்தாலும் பிளாக்கின் மூலைகளில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். முன்பே கலந்த கூலன்டை ஊற்றினால் அந்தத் தண்ணீர் அதை இன்னும் நீர்க்கவைக்கும். கான்சன்ட்ரேட்டை முதலில் அளந்து விட்டுவிட்டால் அந்தக் கவலை குறைவு.

காரின் மூக்கு சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, மூடி போடாமல் ஐட்லிங்கில் விடுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது நிரப்பி மூடியைப் போடுங்கள். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கழற்றி எறியச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அது இல்லாத எஞ்சின் ஹைவேயில் சூடே ஏறாமல் ஓடி, ஆயிலில் சேறு கட்டி, சிலிண்டர் தேயும். 74 அல்லது 82 டிகிரி தெர்மோஸ்டாட் போதும்.

மட்டமும் மூடியும்

நல்ல கூலன்டை ஊற்றியும் ஆறு மாதத்தில் துருத்தண்ணீர் வருகிறது என்றால், பெரும்பாலும் குற்றவாளி தினமும் காலையில் விளிம்புவரை நிரப்பும் பழக்கம்தான். ஓவர்ஃப்ளோ பாட்டில் இல்லாத ரேடியேட்டரில், கழுத்துக்கு ஒரு அங்குலம் கீழே இருப்பதே சரியான மட்டம். 6 லிட்டர் கூலன்ட் சூடேறினால் ஏறக்குறைய கால் லிட்டர் பெருகும். விளிம்புவரை நிரப்பியிருந்தால் அந்தக் கால் லிட்டர் ரோட்டில் கொட்டும். மறுநாள் அதற்கு ஈடாகப் பச்சைத் தண்ணீர் விடுவார்கள். இப்படியே போனால் 17 தடவையில் 33 சதவீதம் 16 ஆகிவிடும். ஆறிய எஞ்சினில் கோரின் குழாய்கள் மூழ்கியிருந்தால் விட்டுவிடுங்கள். குறைந்தால் ஊற்றுவதற்கென்றே 33 சதவீதக் கலவை ஒரு பாட்டிலில் டிக்கியில் இருக்கட்டும்.

மூடியின் அழுத்தம் காருக்குரியதாகவே இருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கார்களில் 4 அல்லது 7 பி.எஸ்.ஐ. வழக்கம். 7 பி.எஸ்.ஐ. மூடி தண்ணீரின் கொதிநிலையை 111 டிகிரிக்கு உயர்த்தும், அது போதும். புதுக் காரின் 13, 15 பி.எஸ்.ஐ. மூடியை மாட்டினால் பழைய பற்று விட்டுக்கொடுக்கும். மூடியின் ஆழமும் பொருந்த வேண்டும்: குட்டையான மூடி உள்விளிம்பைத் தொடாமல் அழுத்தமே பிடிக்காது, நீண்ட மூடி ஸ்பிரிங்கை அமுக்கி அழுத்தத்தைக் கூட்டிவிடும்.

நிரப்பிய முதல் வாரம் ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்ப், வெல்ச் பிளக் (பிளாக்கின் ஓட்டைகளை அடைக்கும் தகட்டு மூடி) எல்லாவற்றையும் தினமும் பாருங்கள். வெறும் தண்ணீர் நிற்கும் இடத்தில்கூடக் கிளைகால் கசியும்.

பிறகு சோதிப்பது

செறிவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு போதும். குறைந்திருந்தால் எவ்வளவு வடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: வேண்டிய சதவீதத்திலிருந்து இருக்கும் சதவீதத்தைக் கழித்து, கொள்ளளவால் பெருக்கி, நூறிலிருந்து இருக்கும் சதவீதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். 6 லிட்டரில் 15 சதவீதம் இருந்தால், 18ஐ 6ஆல் பெருக்கி 85ஆல் வகுக்க, 1.27 லிட்டர். அவ்வளவை வடித்துவிட்டு அதே அளவு கான்சன்ட்ரேட் ஊற்றினால் 33 வந்துவிடும். ஆனால் இது இரண்டு வருடம் ஆகாத கூலன்டுக்கு மட்டும். செறிவு சரியாக இருந்தாலும் துருத்தடுப்பு தீர்ந்திருக்கலாம்.

அதைப் பார்க்க மல்டிமீட்டர் உதவும். நெகட்டிவ் முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, பாசிட்டிவ் முனையை உலோகத்தில் படாமல் கூலன்டில் முக்குங்கள். வார்ப்பிரும்பு எஞ்சினில் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. புதிதாக மாற்றியும் அப்படியே காட்டினால் எங்கோ எர்த் சரியில்லை. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

எத்திலீன் கிளைகால் இனிக்கும், அதனால் நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், சாகும். பெரிய ஆளுக்கே 100 மில்லி அளவில் உயிர் போகலாம். வடிக்கும்போது தட்டு வைத்துப் பிடியுங்கள். தரையில் சிந்தியதை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்டில் பட்டாலும் அப்படியே. குடிதண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். டிக்கியில் வைக்கும் கலவைக்கும் கூலன்ட் வந்த கேனையே பயன்படுத்தி, மேலே பெயரும் கலந்த தேதியும் எழுதி ஒட்டுங்கள்.