மின்சாரம் போய் வந்தாலும் ஜென்கின்ஸ் தானே எழ வேண்டும்: புதியவர்களுக்கான செய்முறை

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் சிறு அலுவலகத்தின் பில்ட் சர்வர் ஒரு பழைய டெஸ்க்டாப் கணினிதான். யாராவது கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) நிரலைச் சேர்த்தவுடன், அதில் ஓடும் ஜென்கின்ஸ் அதைத் தொகுத்துச் சோதித்துவிடும். கத்திரி வெயில் நாளொன்றில் மின்தடை நீண்டு யூபிஎஸ்ஸும் தீர்ந்துபோனது. மின்சாரம் வந்த பிறகும் சர்வர் எழவில்லை. அதைச் சரிசெய்த முறையை, உபுண்டுவில் ஜென்கின்ஸ் நிறுவியிருப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பயாஸை, அதாவது கணினி எழும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையைத் திறந்து, மின்சாரம் திரும்பும்போது கணினி என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பைப் பாருங்கள். எங்களுடையதில் 'லாஸ்ட் ஸ்டேட்' என்று இருந்தது. பேட்டரி குறைந்ததும் யூபிஎஸ் மென்பொருள் கணினியை முறையாக நிறுத்திவிட்டதால், கடைசி நிலை 'அணைந்தது' என்றே பதிவாகி, அது அணைந்தபடியே கிடந்தது. 'பவர் ஆன்' என்று மாற்றுங்கள்.

அடுத்தது, பலரும் கவனிக்கத் தவறும் இடம். உபுண்டுவில் பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிரல் சிஸ்டம்டி; ஒரு சேவை தொடங்குவதற்கு அது இயல்பாக 90 விநாடிதான் தரும். பிளகின்கள் நிறைய இருந்து, ஹார்ட் டிஸ்க்கும் மெதுவாக இருந்தால், ஜென்கின்ஸ் பாதி எழும்போதே அது நிறுத்தப்பட்டு, மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்தப்படும். 'சிஸ்டம்சிடிஎல் எடிட் ஜென்கின்ஸ்' கட்டளையை சுடோவுடன் (நிர்வாகி உரிமையுடன்) கொடுத்து, சர்வீஸ் பிரிவில் 'டைம்அவுட்ஸ்டார்ட்செக்' மதிப்பை 300 ஆக்குங்கள். மூலக் கோப்பில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் அது அழிந்துவிடும். அதே இடத்தில் 'ரீஸ்டார்ட்' மதிப்பு 'ஆன்-ஃபெயிலியர்' (கோளாறால் நின்றால் மறுபடி தொடங்கு) என்று இருக்கட்டும்.

இனி வட்டு. காலி இடம் 1 ஜிபிக்குக் கீழே போனால், இயல்பு அமைப்பில் ஜென்கின்ஸ் அந்த நோடை (பில்டுகளை ஓட்டும் கணினியை) ஆஃப்லைன் ஆக்கிவிடும். பில்டுகள் தோல்வி என்றுகூடக் காட்டாமல் வரிசையில் காத்துக் கிடக்கும். ஆகவே ஒவ்வொரு ஜாபிலும் (ஜென்கின்ஸில் அமைத்த பணியிலும்) பழைய பில்டுகளை நீக்கும் வசதியை இயக்குங்கள். நாங்கள் 20 பில்டுகள் மட்டும் வைத்திருக்கிறோம்.

காப்புப் பிரதி எடுக்கும்போது ஜாப் அமைப்புகளோடு 'சீக்ரெட்ஸ்' கோப்புறையையும் கட்டாயம் எடுங்கள். சேமித்த கடவுச்சொற்களை மறையாக்கும் சாவிகள் அதில்தான் உள்ளன; அவை இல்லாமல் மீட்டால், கடவுச்சொற்களை ஜென்கின்ஸால் படிக்க முடியாது. முதன்மைச் சாவியை மட்டும் பிற பிரதிகளோடு கலக்காமல் தனி இடத்தில் வைப்பது பாதுகாப்பு.

கடைசியாக, பில்ட் எதுவும் ஓடாத ஒரு மாலையில் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஜென்கின்ஸ் ப்ராசஸை 'கில் -9' கட்டளை கொடுத்து வலுக்கட்டாயமாக நிறுத்தினால் அது தானே எழ வேண்டும். பிறகு கணினியை முறையாக ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள்; பவர் பட்டனை யாரும் தொடாமலே, 8080 போர்ட்டில் உள்நுழைவுப் பக்கம் திறக்க வேண்டும்.