8 எம்எம் மவுசர் தோட்டா வாங்குறதுக்கு முன்னாடி துப்பாக்கி பேரல் (குழாய்) உள்விட்டத்த அளந்துடுங்க

8 எம்எம்னு பேரு ஒண்ணா இருந்தாலும் குண்டு ஒரே சைஸ் கிடையாதுங்க. 1888ல ஜெர்மனி கொண்டுவந்த தோட்டால குண்டோட விட்டம் 0.318 இன்ச், 1905ல அத 0.323 ஆக்கிட்டாங்க, குண்ட புடிச்சிருக்கிற பித்தளைக் கூடு பாக்க கிட்டத்தட்ட அதேதான், அதான் ஆபத்து. 0.005 இன்ச்தானேன்னு விட்டுடாதீங்க, பெரிய குண்டு சின்ன பேரல்ல நெரிஞ்சு போகும்போது பிரஷர் தாறுமாறா ஏறும், பேரலோட பின்பக்கத்த பூட்டுற போல்ட் இருக்கிறது சுடுறவர் முகத்துக்கு பக்கத்துல. 1888 மாடல் ரைஃபிள்ல 'எஸ்' முத்திரை (புது தோட்டாவுக்கு மாத்துனதுங்கிற அடையாளம்) இருந்தாலும் அத மட்டும் நம்பாதீங்க, தோட்டா உக்கார்ற சேம்பரை மட்டும் மாத்தியிருப்பாங்க, பேரல் பழசாவே இருக்கலாம்.

துப்பாக்கி காலியான்னு ரெண்டு தடவ பாத்துட்டு, எண்ணெய் தடவுன மென்மையான ஈயத்துண்ட பேரல்ல ஒரு முனைலேருந்து மறுமுனைக்கு தள்ளி எடுங்க, அதுல மேடா நிக்கிற இடத்த மைக்ரோமீட்டர்ல அளந்தா உண்மையான சைஸ் தெரியும். சந்தேகமா இருந்தா கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கிட்ட காட்டாம ஒரு ரவுண்டு கூட சுடாதீங்க.