சின்னத் தீவிலிருந்து பிரவுசர் வேலைக்கு: தனியுரிமைக் கோடில் (நிரலில்) முதல் படிகள்

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு மாடிக்குச் சனிக்கிழமைகளில் இரண்டு மூன்று பேர் லேப்டாப்போடு வருவார்கள். ரெட்யுய் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள். பேச்சு பாதி தமிழ், பாதி கிரியோல். எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, ஃபயர்பாக்ஸ், டார் மாதிரி பிரவுசரில் வேலை செய்யணும்னா எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" டார் என்பது ஆளை அடையாளம் காட்டாமல் இணையத்தில் உலாவ உதவுகிற பிரவுசர். இந்தப் பிள்ளைகளுக்குக் காட்டித் தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சி பிளஸ் பிளஸ், ரஸ்ட் போன்ற நிரல் மொழிகளை எல்லாம் கற்று முடித்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு படிக்கத் தெரிந்தால் இன்றைக்கே உட்காரலாம்.

படி 1: உங்கள் பிரவுசர் உங்களைப் பற்றி என்ன சொல்கிறது?

நிரலைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு நடத்தும் 'கவர் யுவர் டிராக்ஸ்' சோதனைப் பக்கத்தைத் திறந்து சோதனையை ஓட்டுங்கள். குக்கி (வலைத்தளம் உங்கள் மெஷினில் விட்டுவைக்கிற சிறு குறிப்பு) எதுவும் இல்லாமலே, நேர மண்டலம், மொழிகள், எழுத்துருக்கள், திரை அளவு ஆகியவற்றை வைத்து உங்களை அடையாளம் காண முடியுமா என்று அது சொல்லும். இப்படி அடையாளம் காண்பதற்குக் கைரேகை எடுத்தல் என்று பெயர். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே எத்தனை 'பிட்' கசிகிறது என்ற எண் இருக்கும்.

ஒரு பிட் கசிந்தால், நீங்கள் ஒளிந்திருக்கிற கூட்டம் பாதியாகிவிடும். உலகத்தில் 800 கோடிப் பேர் என்றால், ஏறத்தாழ 33 முறை பாதியாக்கினால் ஒரே ஒரு ஆள் மிஞ்சுவார். ஆக, 33 பிட் கிடைத்தால் யாரையும் பிடித்துவிடலாம்.

இப்போது நம் தீவுக்கு வாருங்கள். சென்னையில் இருக்கிற பையனின் பிரவுசர் இந்திய நேரம் என்று சொல்கிறது. அந்த நேரத்தில் 140 கோடிப் பேர் இருக்கிறார்கள். கணக்குப் போட்டால் அவன் இழப்பது இரண்டரை பிட். நம் பிரவுசர் 'இந்தியன், மொரிஷியஸ்' என்ற மண்டலப் பெயரைச் சொல்கிறது. இங்கே இருப்பவர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர். அந்த ஒரு சொல்லிலேயே 12 பிட்டுக்கு மேல் போய்விட்டது! துபாய்க்கும் ரீயூனியனுக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் பெயர் நம்மைத் தனியாகக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

போன மாதம் ஒரு பெண் இந்தச் சோதனையைத் தன் மெஷினில் ஓட்டினாள். அவள் பிரவுசர் கேட்கிற மொழிகளின் வரிசை: பிரெஞ்சு, தமிழ், ஆங்கிலம். மொரிஷியஸ் நேரம். கோயில் நோட்டீஸ் அடிக்க இறக்கி வைத்த இரண்டு தமிழ் எழுத்துருக்கள். வரிசையாக வாசித்துக்கொண்டே போனவள், பாதியில் நிறுத்தினாள். "அண்ணா, இது நான்தானே? வேற யாரும் இருக்க முடியாதே" என்றாள். பெயர், முகவரி எதையும் அவள் எங்கும் கொடுக்கவில்லை. நம் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பது நமக்குப் பெருமை. அதே தமிழ் பிரவுசரின் மொழி வரிசையில் போனால், கூட்டத்திலிருந்து நம்மைப் பிரித்துக் காட்டுகிற அடையாளம் ஆகிறது. பெரிய ஊரில் இருக்கிற டெவலப்பருக்கு இது உடனே தோன்றாது. நமக்குத் தோன்றும். இந்த வேலைக்கு நம்மைப் போன்றவர்கள் வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 2: பூட்டைப் போட்டு மறுபடி பாருங்கள்

சாதாரண ஃபயர்பாக்ஸில் அபவுட் கான்ஃபிக் என்ற உள் அமைப்புகள் பக்கத்துக்குப் போய் 'ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரிண்டிங்' என்று தேடுங்கள். 'பிரைவசி' என்று தொடங்கி அந்தச் சொல்லோடு முடியும் அமைப்பை 'ட்ரூ' ஆக்குங்கள். சோதனையை மறுபடி ஓட்டினால் நேரம் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்துக்கு மாறியிருக்கும். சில பதிப்புகளில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்தின் பெயர் வரும். பயப்பட வேண்டாம், அங்கே ஆண்டு முழுவதும் அதே யூ.டி.சி. நேரம்தான்.

இந்த ஏற்பாடு டார் பிரவுசரிலிருந்து வந்தது. டார் பிரவுசர், ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது. அவர்கள் செய்த திருத்தங்களை ஃபயர்பாக்ஸின் மூலக் கோடுக்கே கொண்டுவரும் முயற்சி 2016இல் தொடங்கியது. 2023இல் வந்த முல்வாட் பிரவுசரும் டார் குழுவோடு சேர்ந்து செய்ததுதான். அதனால் ஃபயர்பாக்ஸ் கோடில் நீங்கள் கற்கிற ஒவ்வொன்றும் மூன்று இடத்தில் செல்லும். பிரேவ் மட்டும் வேறு குடும்பம், அது குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியத்தின் மேல் நிற்கிறது.

இவர்களின் அடிப்படை எண்ணத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒளித்து வைப்பதைவிட, எல்லாரையும் ஒரே மாதிரி காட்டுவது நல்லது. டார் பிரவுசர் நோட்டோ எழுத்துருக்களைத் தன்னோடு கொண்டுவருகிறது. பட்டியலில் இல்லாத உங்கள் கோயில் நோட்டீஸ் எழுத்துரு வலைப்பக்கத்தின் கண்ணுக்கே தெரியாது.

படி 3: நிரலை இறக்கிக் கட்டுங்கள்

ஃபயர்பாக்ஸின் கோடு 2025 மே முதல் கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் இருக்கிறது. அதை ஓடுகிற பிரவுசராக ஆக்குவதைத்தான் கட்டுதல் என்கிறோம். பல ஜிகாபைட் என்பதால் இரவில் இறக்கப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். டிஸ்க்கில் 40 ஜிகாபைட் காலியாக இருக்கட்டும், ரேம் 8 ஜிகாபைட்டாவது வேண்டும். விண்டோஸ்காரர்கள் முதலில் மொசில்லாபில்ட் தொகுப்பை நிறுவிக்கொள்ள வேண்டும்.

பிறகு எல்லாம் 'மாக்' என்ற ஒரே கருவிதான். 'மாக் பூட்ஸ்ட்ராப்' ஓட்டினால் தேவையானதை அதுவே நிறுவும். நடுவில் எந்த வகையில் கட்ட வேண்டும் என்று கேட்கும். முதல் தேர்வான டெஸ்க்டாப் ஆர்டிஃபாக்ட் முறையையே எடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். ஆர்டிஃபாக்ட் முறையில் சி பிளஸ் பிளஸ் பகுதி ஏற்கெனவே கட்டி முடித்த நிலையில் வந்துவிடும், நீங்கள் தொடுவது ஜாவாஸ்கிரிப்டும் சி.எஸ்.எஸ்.ஸும் மட்டும். வேலை சில நிமிடத்தில் முடியும். நான் இது தெரியாமல் முதல் தடவை முழுக் கட்டலைப் பழைய லேப்டாப்பில் போட்டேன். புயல் எச்சரிக்கை வந்த நாள் அது. கட்டல் முடியும் முன் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

'மாக் பில்ட்', அப்புறம் 'மாக் ரன்'. நீங்களே கட்டிய பிரவுசர் திறக்கும்.

படி 4: ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். கோடில் 'டூல்கிட்' அடைவுக்குள் 'காம்பொனென்ட்ஸ்', அதற்குள் 'ரெசிஸ்ட்ஃபிங்கர்பிரிண்டிங்' என்ற அடைவு இருக்கிறது. அதில் 'ஆர்.எஃப்.பி. ஹெல்பர்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைத் திறங்கள். ஜன்னல் அளவை உருட்டுகிற வேலை அங்கேதான் நடக்கிறது. அதற்கு லெட்டர்பாக்ஸிங் என்று பெயர்.

உங்கள் ஜன்னல் அகலம் 1150 பிக்சல், உயரம் 687 என்று வையுங்கள். இந்த அளவு உங்களுக்கே உரியது, கைரேகைக்குத் தோதானது. ஆகவே பிரவுசர் பக்கத்தின் அகலத்தை 200இன் மடங்காகவும், உயரத்தை 100இன் மடங்காகவும் கீழே இறக்கி, மிச்சத்தைச் சுற்றிலும் வெற்று ஓரமாக விட்டுவிடும். வலைத்தளத்துக்குத் தெரிவது 1000க்கு 600. அப்படித் தெரிகிற ஆட்கள் ஏராளம்.

அபவுட் கான்ஃபிக்கில் லெட்டர்பாக்ஸிங் அமைப்பையும் 'ட்ரூ' ஆக்குங்கள். பிறகு கோடில் அகலத்துக்கான 200ஐ 400 ஆக்கி, 'மாக் பில்ட் ஃபாஸ்டர்' ஓட்டி, பிரவுசரைத் திறங்கள். அதே ஜன்னலில் பக்கம் இப்போது 800க்குச் சுருங்கி, இரண்டு பக்கமும் ஓரம் அகலமாக நிற்கும். கூட்டம் பெரிதானது, படிக்கிற இடம் குறைந்தது. இந்தப் பேரத்தைத்தான் தனியுரிமை டெவலப்பர் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார்.

அதே கோப்பில் இன்னொன்றையும் பாருங்கள். ஆங்கிலம் அல்லாத பிரவுசர் வைத்திருப்பவரிடம், 'பக்கங்களை ஆங்கிலத்திலேயே கேட்கட்டுமா?' என்று கேட்கும் பகுதி அது. தமிழில் படிக்க ஆசைப்பட்டால் கூட்டத்திலிருந்து விலக வேண்டும், கூட்டத்தில் இருக்க ஆசைப்பட்டால் தமிழை விட வேண்டும். எனக்கு இது இன்னும் உறுத்துகிறது. சரியான விடை என்னிடம் இல்லை. ஆனால் கேள்வியை அந்த மேசையில் வைக்கத் தமிழ் பேசுகிற ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.

படி 5: முதல் பக் (பிழை)

ஃபயர்பாக்ஸைச் செய்யும் மொசில்லாவின் பிழைப் பட்டியல் பக்ஸில்லா. அதில் 'குட் ஃபர்ஸ்ட் பக்' என்ற குறியோடு தேடுங்கள். டார் குழுவின் கிட்லாபிலும் புதியவர்களுக்கென்று குறித்த வேலைகள் உண்டு. பெரியதை எடுக்காதீர்கள். என் முதல் பேட்ச் (திருத்தம்), தமிழில் வைத்தால் எழுத்து வெட்டுப்படுகிற ஒரு பொத்தானைப் பற்றியது. அகலத்தைப் பிக்சலில் இறுக்கி வைத்திருந்தார்கள். அதைத் தளர்த்தியது இரண்டே வரி.

எந்தச் செயல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேட 'சர்ச்ஃபாக்ஸ்' இருக்கிறது. கோப்பைப் படிப்பதற்கு முன் அதற்கான டெஸ்ட்டை, அதாவது அதைச் சரிபார்க்கிற நிரலை, படியுங்கள். கோடு என்ன செய்ய வேண்டும் என்று டெஸ்ட் நேராகச் சொல்லிவிடும். அனுப்புவதற்கு முன், எழுத்து நடைப் பிழைகளைக் காட்டும் 'மாக் லின்ட்' ஓட்டுங்கள். அனுப்புவது 'மாஸ்ஃபேப்' என்ற கருவி வழியாக, பரிசீலனை ஃபேப்ரிகேட்டர் என்ற தளத்தில். கலிஃபோர்னியா நமக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கிருந்து பதில் நள்ளிரவில் வரும். காலையில் டீ குடித்துவிட்டு, ஒவ்வொரு குறிப்புக்கும் நிதானமாகப் பதில் எழுதுங்கள். 'மாற்றிவிட்டேன்' என்று மட்டும் எழுதாமல், ஏன் மாற்றினீர்கள் என்றும் எழுதுங்கள்.

படி 6: சம்பளம்

ஐந்தாறு பேட்ச் உள்ளே போன பிறகு அவுட்ரீச்சி, கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்ற உதவித்தொகைப் பயிற்சித் திட்டங்கள் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். மொசில்லாவும் டார் திட்டமும் இவற்றில் பங்கெடுத்திருக்கின்றன. அவுட்ரீச்சி 7,000 டாலர் உதவித்தொகை தருகிறது. சான்றிதழைவிட உள்ளே போன பேட்ச் பேசும்.

எபேன் கணினி நகரத்தில் நல்ல வேலை இருக்கும்போது இது எதற்கு?

பெற்றோர் கேட்பார்கள். நான் சொல்கிற பதில் இது. 2021 ஏப்ரலில் நம் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. சமூக ஊடகங்களுக்குப் போகும் போக்குவரத்தை உள்நாட்டு ப்ராக்ஸி (இடைநிலைச் சர்வர்) ஒன்றின் வழியாகத் திருப்பி, குறியாக்கத்தை அவிழ்த்துப் பார்த்து, மறுபடி மூடி அனுப்பலாம் என்றது அந்த யோசனை. அதற்குப் பிரவுசர் அந்த ப்ராக்ஸியின் சான்றிதழை, அதாவது மறுமுனையில் இருப்பது யார் என்று காட்டும் டிஜிட்டல் அத்தாட்சியை, நம்பியாக வேண்டும். மொசில்லாவும் கூகுளும் சேர்ந்து எதிர்ப்பு எழுதின. உள்ளூரிலும் குரல் எழுந்தது. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. 2019இல் கஜகஸ்தான் அரசின் சான்றிதழை ஃபயர்பாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் மறுத்தன. அம்மா போனில் பேசுவது அம்மாவுக்கும் பாட்டிக்கும் இடையிலேயே நிற்பதற்கு, எங்கோ ஒருவர் எழுதிய சான்றிதழ்ச் சரிபார்ப்புக் கோடும் ஒரு காரணம்.

அந்த ரோஸ் ஹில் பெண் இப்போது மொழி கேட்கும் அந்தப் பெட்டியின் டெஸ்ட்டைப் படித்துக்கொண்டிருக்கிறாள். மண்டலப் பெயர் மொரிஷியஸ், மொழி தமிழ் என்று வைத்துத் தன் மெஷினில் ஒரு டெஸ்ட் எழுதியிருக்கிறாள். நேற்று இரவு ஓட்டியபோது சிவப்பாக, அதாவது தோல்வி என்று, வந்ததாம். சனிக்கிழமை கொண்டுவருகிறாள், சேர்ந்து பார்க்கப் போகிறோம்.