தேக்கு வெனியர் போர்த்திய ஸ்பீக்கர்: கச்சான் காற்றில் செய்கிற வேலை

வீட்டுத் திரைக்கு ஸ்பீக்கர் கிட் வாங்கி, அதன் பெட்டிக்கு வெனியர் என்கிற மெல்லிய மரத்தாள் ஒட்டப் போகிறீர்களா? வைகாசி வரும்வரை பொறுங்கள். திருகோணமலையில் அப்போதுதான் கச்சான் காற்று பிடிக்கும். மேற்கிலிருந்து வருகிற அந்த வறட்டுக் காற்றில் பசையும் ஒழுங்காகக் காயும், வார்னிஷும் காயும். என் முதல் சோடியை ஐப்பசி மழைக்குள் முடிக்கப் பார்த்தேன். லக்கர் என்கிற, தின்னரில் கலந்து அடிக்கிற பூச்சை அடித்துக் கொஞ்ச நேரத்திலேயே பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து லக்கருக்குள் அகப்பட்டுக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு கிழமை போனது.

கிட்டில் வெட்டிய 18 மி.மீ. எம்.டி.எஃப் (மரத்தூள் நாரை அழுத்திச் செய்த) பலகை, கனத்த ஒலிக்கு வூஃபர், மெல்லிய ஒலிக்கு ட்வீட்டர், ஒலியை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் கிராஸோவர் சாமான்கள், வயர் மாட்டும் டெர்மினல், உள்ளே வைக்கிற பஞ்சு எல்லாம் இருக்கும். பலகைகளை முதலில் பசை இல்லாமல் பொருத்திப் பாருங்கள். பெட்டியின் உள் அளவில் கை வைக்க வேண்டாம். வூஃபரின் இயல்பை வைத்துப் பெட்டியின் கனஅளவைக் கணக்கிடும் முறையை நெவில் தீல் 1961இல் அவுஸ்திரேலியாவில் எழுதினார், பிறகு ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். வூஃபருக்கு ஏற்ற அளவு அப்படித்தான் கிடைக்கிறது. பலமாக இருக்கட்டும் என்று உள்ளே பெரிய கட்டைகளை அடைத்தால் பேஸ் கெட்டுப்போகும்.

பெட்டியை ஒட்டியதும் வெனியருக்கு அவசரப்படாதீர்கள். மூட்டில் எம்.டி.எஃப் பசையின் ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் உப்பியிருக்கும். அந்த நிலையிலேயே தேய்த்து மட்டமாக்கினால், ஈரம் வற்றிய பிறகு அங்கே ஒரு பள்ளக் கோடு விழும். வெனியருக்கு மேலாலும் அது தெரியும். நான் இரண்டு கிழமை விட்டுவிட்டுத்தான் தேய்க்கிறேன். வெட்டுவாய்களுக்குத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை ஒரு தடவை பூசி, காய்ந்ததும் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

தேக்கு வெனியர் எனக்குக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் சுருளாக வந்தது, 0.6 மி.மீ. தடிப்பு. வேலை செய்யும் அறையிலேயே பலகைக்கு அடியில் நாலைந்து நாள் விரித்து வையுங்கள், நம் ஊர்க் காற்றுக்கு அது பழக வேண்டும். வெட்டும்போது ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். இடது, நடு, வலது மூன்று ஸ்பீக்கரின் முகங்களையும் ஒரே தாளில் அடுத்தடுத்து வெட்டுங்கள். திரைக்குக் கீழே மூன்றும் வரிசையாக நிற்கும்போது மரத்தின் ரேகை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடும். கடையில் வாங்குகிற பெட்டிகளில் நான் இதைக் கண்டதில்லை. எல்லாப் பக்கமும் 1 செ.மீ. கூட விட்டு வெட்ட வேண்டும்.

கான்டாக்ட் பசை வேண்டவே வேண்டாம். முதல் சோடிக்கு அதைத்தான் பாவித்தேன். லக்கரிலுள்ள தின்னர் மெல்லிய வெனியருக்குள்ளால் இறங்கிப் பசையை இளக்கியது. அங்கங்கே கொப்புளம் எழும்பியது. இப்போது வெள்ளைப் பசையும் ஸ்திரிக்கைப் பெட்டியும்தான். தேக்கில் எண்ணெய்த்தன்மை உண்டு, அதனால் ஒட்டும் பக்கத்தைத் தின்னர் நனைத்த துணியால் முதலில் துடையுங்கள். பிறகு பெட்டியிலும் வெனியரிலும் ரோலரால் மெல்லிசாகப் பசை பூசுங்கள். வெனியர் சுருளப் பார்க்கும். மறுபக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் அடங்கும். விரல் வைத்தால் லேசாக மட்டும் ஒட்டுகிற பதம் வரும்வரை காய விடுங்கள். கச்சான் வீசுகிற நாளில் அரை மணி நேரம்கூட வேண்டியதில்லை.

அப்புறம் வெனியரைப் பெட்டிமேல் வைத்து, ஸ்திரிக்கைப் பெட்டியால் நடுவில் தொடங்கி ஓரம் நோக்கித் தேயுங்கள். நடுத்தரச் சூடு, நீராவி கூடாது, இடையில் ஒரு பருத்தித் துணி. என் சித்தப்பா ஓடாவி (தச்சர்), திருக்கடலூரில் இருக்கிறார். பக்கத்தில் நின்று, "தம்பி, ஓரிடத்தில நிப்பாட்டாத, ஓட்டிக்கொண்டே இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஒரு மரக்கட்டையால் அழுத்திக்கொண்டு போங்கள், ஆறும்போதுதான் பசை பிடிக்கும். கடைசியில் நகத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்கிற இடத்துக்கு மறுபடியும் சூடு காட்டுங்கள்.

ஒட்டும் வரிசை: பின்பக்கம், அடி, இரு பக்கம், மேல், கடைசியாக முகம். அப்படிச் செய்தால் முன்னால் இருந்து பார்ப்பவருக்கு விளிம்புகள் தெரியாது. ஓரத்தைப் புதுப் பிளேட்டால் நறுக்கி, சாண்ட் பேப்பர் சுற்றிய கட்டையைக் கீழ்நோக்கி மட்டும் தள்ளுங்கள். மேல்நோக்கி இழுத்தால் வெனியர் பிய்ந்துவிடும்.

பரப்பை 180 நம்பர், பிறகு 240 நம்பர் சாண்ட் பேப்பரால் ரேகை வழியே கையால் தேயுங்கள். மெஷின் வேண்டாம், நொடியில் எம்.டி.எஃப் வெளியே வந்துவிடும். லக்கரை விட்டுவிட்டு எண்ணெய் கலந்த வார்னிஷைத் துணியால் நாலு தடவை பூசினேன், தடவைக்கு ஒரு நாள் இடைவெளி. இடையில் தேய்க்க இரும்புப் பஞ்சு எடுக்காதீர்கள். அதன் துகள் கடற்காற்றில் துருப்பிடித்துப் புள்ளி போடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நைலான் போதும். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் போடவே கூடாது, தானாகத் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப் போடுங்கள்.

வயரிங் பெரிய வேலையில்லை. கிராஸோவரில் இரண்டு கம்பிச் சுருள் (coil) இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, தள்ளி வையுங்கள். செப்புக் கம்பி முனைகளுக்கு ஈயம் பூசிவிடுங்கள், இல்லையென்றால் உப்புக் காற்றில் பச்சை பிடிக்கும். வூஃபரைப் பூட்டுமுன் 1.5 வோல்ட் பேட்டரியை அதன் முனைகளில் தொட்டுப் பாருங்கள். பிளஸுக்குப் பிளஸ் சரியாக இருந்தால் கூம்பு வெளியே வரும்.

கேட்கிற இடத்திலிருந்து இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டுக்கு 30 பாகையில் நிற்கட்டும். கேட்பவருக்குப் பின்பக்கமாக வைக்கிற சோடி 110 பாகை அளவில். முன்பக்கத் துணிச் சட்டத்தை மட்டும் ஒரு மாதம் கழித்து மாட்டுங்கள். வார்னிஷ் முழுதாக இறுகுமுன் மாட்டினால் சட்டம் படுகிற இடமெல்லாம் தடம் பதிந்துவிடும்.