பழைய கைப்பைக்கு நகை பூட்டும்போது

தங்கையின் அரங்கேற்ற நகை செட் எங்கள் வீட்டுப் பரணில் வருடக்கணக்காகத் தூங்கியது. கெம்புக்கல் ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, ஜோடியைத் தொலைத்த ஒரு ஜிமிக்கி. யாரோ வைத்திருந்து கழித்துப்போட்ட கறுப்புக் கைப்பை ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கி, ஒரே ராத்திரியில் அத்தனையையும் அதன் மேல் ஏற்றினேன். மேசையில் வைத்துப் பார்த்தால் அலங்காரம் முடிந்த அம்மன் மாதிரி ஜொலித்தது. மறுநாள் பேருந்தில் பக்கத்தில் நின்ற பெண்ணின் துப்பட்டாவில் ஜிமிக்கி மாட்டியது. அவர் இறங்கினார், ஜிமிக்கியும் இறங்கிவிட்டது, கூடவே பையின் மேல்தோலில் ஒரு துண்டும்.

மேசையில் வைத்துப் பார்த்து முடிவு செய்ததுதான் தப்பு. பை இடுப்பில் உரசும், கூட்டத்தில் இடிபடும், மழையில் நனையும். இப்போதெல்லாம் ஊசியை எடுக்கும் முன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்க்கிறேன். உடம்பைத் தொடும் பக்கம் எது, கை எங்கே போகிறது, மூடி எங்கே மடங்குகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடங்களில் கல்லும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். தொங்குகிற சாமான் ஆசையாக இருந்தால் ஜிப் இழுக்கும் முனையிலோ கைப்பிடி வளையத்திலோ ஒன்றே ஒன்று, அதுவும் வலை போன்ற வேலைப்பாடோ கூர்முனையோ இல்லாததாக இருக்கட்டும்.

அடுத்த தவறு, பையையே சரியாகப் பார்க்காமல் வாங்குவது. என் கறுப்புப் பை ரெக்சின் வகை. துணியின் மேல் பாலியூரித்தேன் பூச்சு. காற்றின் ஈரம் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு தானாகவே சிதையும். அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் உரியும். கைப்பிடி அடியிலும் மூலைகளிலும் மடித்துப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, விரலில் பிசுபிசுத்தாலோ வேறு பை பாருங்கள். எவ்வளவு நல்ல பசை போட்டாலும் அது பிடித்துக்கொள்வது உதிரப்போகும் பூச்சைத்தானே?

பசை விஷயத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ஒரு சொட்டு விட்டால் உடனே ஒட்டும் பசை இருக்கிறதே, அது காய்ந்தால் கண்ணாடி போல விறைத்துவிடும். பை வளையும், பசை வளையாது, படக்கென்று விட்டுவிடும். போதாததற்கு அதன் ஆவி பட்டுக் கல்லைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும். செருப்புத் தைப்பவர்கள் டப்பாவில் வைத்திருக்கும் தேன் நிற ரப்பர் பசைதான் இதற்குச் சரி. அதையும் இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் போல ஆறவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அழுத்திவிட்டு, பசை சரியில்லை என்று திட்டுவோம். ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதும் முக்கியம். அதற்கு நகப்பூச்சு நீக்கும் திரவத்தை எடுக்காதீர்கள், ரெக்சினை அது கரைத்துவிடும்.

ஆனால் கனமான எதையும் பசையை மட்டும் நம்பி விடக்கூடாது, தைக்க வேண்டும். துணி தைக்கும் பழக்கத்தில் நெருக்கமாகத் தையல் போட்டால் தோல் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வரும். தோலில் விழுந்த ஓட்டை மறுபடி மூடாது. எனவே முதலில் புள்ளி வைத்து, குத்தூசியால் தள்ளித் தள்ளித் துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைப்பது நல்லது. அப்புறம் உள்துணி. அதையும் சேர்த்துத் தைத்துவிட்டு, உள்பை திறக்கவில்லையே என்று நான் முழித்திருக்கிறேன். உள்துணியின் தையலில் ஓர் ஓரத்தைப் பிரித்து, கையை உள்ளே விட்டுத் தைத்துவிட்டு மறுபடி மூடிவிடலாம்.

சங்கிலி கோக்கும் சின்ன வளையத்தைத் திறக்கவும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு முனையையும் பக்கவாட்டில் விரித்தால் வட்டம் கெட்டு, திரும்பச் சேராது; அந்த இடுக்கு வழியாகத்தான் பாதி நகை தொலைகிறது. இரண்டு குறடால் பிடித்து ஒரு முனையை முன்னாலும் மறு முனையைப் பின்னாலும் தள்ளுங்கள், கதவு திறப்பது போல. மூடும்போது அதே வழியில் திருப்பினால் முனைகள் நேராக முட்டிக்கொள்ளும்.

கெம்பு நகையைப் பளபளப்பாக்குகிறேன் என்று சோப்புத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். கல்லுக்குப் பின்னால் மினுங்கும் தாள் வைத்திருப்பார்கள். ஈரம் நுழைந்தால் அது கறுத்து, கல் செத்துவிடும். பழைய பிரஷால் தூசு தட்டினால் போதும். பித்தளை, செம்பு உலோகம் நிஜத் தோலைத் தொட்டபடி இருந்தால் தோலில் உள்ள கொழுப்போடு சேர்ந்து பச்சையாகக் களிம்பு ஏறும். நகையின் பின்பக்கம் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு தடவை பூசிக் காயவிட்டுப் பிறகு தையுங்கள்.

ஓரத்துக்குப் பாட்டியின் பட்டுப்புடவைக் கரையை வெட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். தெருவில் பழைய பட்டுப்புடவை கேட்டு வருகிறவர்கள் புடவைக்காக வருவதில்லை, ஜரிகையில் உள்ள வெள்ளிக்காக வருகிறார்கள். ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அது நல்ல ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கரையைக் கைப்பைக்கு வெட்ட எனக்கு மனசு வராது. கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் பாலியஸ்டர் லேஸே போதும். வெட்டிய முனையை ஊதுபத்திக் கங்கால் லேசாகத் தொட்டால் உருகி மூடிக்கொள்ளும், பிரியாது. பருத்தி லேஸில் இதைச் செய்தால் கருகிவிடும். அதை மடித்துத்தான் தைக்க வேண்டும்.

கறுப்புப் பை குப்பைக்குப் போய்விட்டது. இப்போது பழுப்பு நிறத்தில் ஒரு தோல் பை இருக்கிறது, மூடியில் ஒட்டியாணத்தின் நடுப்பதக்கம் மட்டும். மற்றதெல்லாம் மறுபடி பரணில். தங்கைக்கு இன்னும் சொல்லவில்லை.