ஓ.டி. லைட்டு வேலைக்கு வாரவன் பண்ணக் கூடாத தப்புக

நம்ம பக்கத்துப் பயலுவ எஞ்சினியரிங் முடிச்சுட்டு, "அண்ணாச்சி, ஆபரேஷன் தியேட்டர் லைட்டு கம்பெனியில ஆள் எடுக்காவளாமே, போலாமா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். போலாம்ல, நல்ல லைன்தான். ஆனா வாரவன் முக்காவாசிப் பேரு இத பல்பு யாவாரம்னு நெனச்சுட்டு வாரான், தப்பு அங்கனயே ஆரம்பிச்சுருது. நானும் அப்பிடி வந்தவன்தான், மொதல்ல கம்பெனியில டிசைன் டீம்ல உக்காந்துருந்தேன், அப்புறம் பாளையங்கோட்டைக்கே வந்து நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரின்னு பைக்குல சுத்தி வித்தேன், அதனால ரெண்டு பக்கத்து அடியும் வாங்கிருக்கேன்.

மொத தப்பு லக்ஸ் பைத்தியம், லக்ஸ்ங்கது ஒரு எடத்துல எவ்வளவு வெளிச்சம் விழுதுங்கத அளக்குற அளவு. "சார் எங்க லைட்டு 1,60,000 லக்ஸ்"னு சொல்லிட்டு டாக்டர் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கது. ஓ.டி. லைட்டுக்குன்னே ஐஈசி 60601-2-41னு ஒரு சர்வதேச ஸ்டாண்டர்டு இருக்கு, ஒரு மீட்டர் தூரத்துல வெளிச்சத்தோட நடுவுல 40,000ல இருந்து 1,60,000 லக்ஸ் வரைக்கும் இருக்கணும்னு அது சொல்லுது, அப்போ 1,60,000ங்கது மெடல் இல்ல, எல்லக்கோடு. அதே ஸ்டாண்டர்டுல சூட்டுக்கும் ஒரு வரம்பு இருக்கு, காயத்து மேல விழுற மொத்த சக்தி ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட்டத் தாண்டக் கூடாது. கணக்கு போட்டுப் பாருங்க, நல்ல எல்இடி லைட்டே லக்ஸுக்கு மூணரை மில்லிவாட்டுன்னு வச்சா 1,60,000க்கு 560 வாட் வருது, ரெட்டை டோம், அதாவது ஒரே தண்டுல ரெண்டு லைட்டுத் தலை உள்ளது, வாங்குன ஆளு ரெண்டையும் முழுசா ஏத்தி ஒரே எடத்துல அடிச்சா 1120, வரம்பத் தாண்டிரும். எல்இடினா சூடே கெடையாதுன்னு பேசுதவன் இந்தக் கணக்க போட்டிருக்க மாட்டான். தெறந்து கெடக்க சதை காஞ்சு போவும்ங்கத டாக்டர்ட்ட நாமளே சொல்லணும், சொன்னா நம்ம மேல மரியாதை கூடத்தான் செய்யும்.

லக்ஸுக்கே இன்னொரு கத. வேலைக்கு சேந்த புதுசுல ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு போயி அரை மணி நேரம் ரெட்டை டோம் பெருமை பேசுனேன், அந்த டாக்டரம்மா பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, நாங்க மைக்ராஸ்கோப்புல இருக்க லைட்டுலதான் ஆபரேஷன் பண்ணுவோம், கேஸ் ஆரம்பிச்சதும் மேல உள்ளத அணைச்சுருவோம்"னு சொன்னாவ. காப்பி குடுத்து அனுப்புனாவ, அந்தமட்டுக்கும் சரி. லேப்ராஸ்கோப்பி, அதான் சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டு ஆபரேஷன், பண்ணுதவங்களும் அப்பிடித்தான், ஸ்கிரீன பாக்கணும்னு லைட்ட நல்லா கொறச்சுக்குவாவ, அவங்களுக்கு எவ்வளவு ஏறும்ங்கத விட எவ்வளவு எறங்கும்ங்கதுதான் கேள்வி. என்ன ஆபரேஷன் நடக்குற எடம்னு தெரியாம ஸ்பெசிபிகேஷன் ஒப்பிச்சா இப்பிடித்தான்.

அடுத்தது செவப்பு. இத டிசைன் பண்ணுத பயலுவளே கோட்டை விடுதாவ. கலர் ரெண்டரிங், அதாவது கலர எவ்வளவு சரியா காட்டுதுங்க நம்பர், 95ன்னு பெருசா பிரிண்ட் போட்டிருப்பான், அந்த நம்பரு எட்டு வெளிறுன கலரோட சராசரி, அதுல நல்ல ரத்தச் செவப்பு கெடையாது, அதுக்கு ஆர்9னு தனி நம்பர் பாக்கணும். வெள்ளை எல்இடிங்கது உள்ள நீல சிப்பு மேல மஞ்ச பாஸ்பர் பூச்சுதான், அதுக்கு இயல்பாவே ஆழமான செவப்பு கம்மி. சர்ஜனுக்கோ உள்ள தெரியுறது பூரா செவப்புதான, அதுல இது ரத்தக்குழாய், இது கொழுப்பு, இது பித்தக்குழாய்னு பிரிச்சுப் பாக்கணும். லேப்ல மெஷின் சொல்லுத நம்பர மட்டும் நம்பாதிங்க. நான் பாளை மார்க்கெட்டுல ஆட்டு ஈரல் கால் கிலோ வாங்கிட்டு வந்து ஒரு ஸ்டீல் தட்டுல ரெண்டா வெட்டி வச்சு, ஒரு துண்டு பழைய ஹாலோஜன் லைட்டுக்கு கீழ, இன்னொண்ணு எங்க புது எல்இடிக்கு கீழன்னு வச்சுப் பாத்தேன். ஹாலோஜன்ல அது ஈரலா இருந்துச்சு, வெட்டுன எடத்துல குழாய் ஓட்டை தனியா, ஓரத்துல சவ்வு தனியா தெரிஞ்சுச்சு. எங்க லைட்டுல பூராவும் சாம்பல் பூத்து ஒண்ணா அப்புன மாதிரி இருந்துச்சு. பேப்பர்ல எங்களது பாஸ். அந்த ஈரல வீட்டுல குடுத்தப்போ அம்மா ஆபீஸ்ல இருந்தா கறி வாங்கிட்டு வாரன்னு கேட்டது தனிக்கத.

"ஷேடோலெஸ்"ங்க வார்த்தையையும் பாத்து பேசுங்க. நெழலே விழாத லைட்டு எவனும் செஞ்சதில்ல, பல பக்கத்துல இருந்து வெளிச்சம் வாரதால நெழலு வெளுத்துப் போவுது, அவ்வளவுதான். அதுக்கு டெஸ்ட்டே இருக்கு, சர்ஜன் தலைக்குப் பதிலா 21 செ.மீ. வட்டத் தட்ட குறுக்க வச்சு, ஆழமான காயத்துக்குப் பதிலா ஒரு குழாய வச்சு, மிச்சம் எவ்வளவு வெளிச்சம் கீழ சேருதுன்னு அளப்பாவ. டெமோ காட்டும்போது வெள்ளைச் சொவருல அடிச்சுக் காட்டாம ஒரு செம்புக்குள்ள அடிச்சு நடுவுல ஒங்க தலைய நீட்டுங்க, புரிஞ்சுரும்.

இதெல்லாம் வெளிச்சம் சம்பந்தப்பட்டது. ஆனா கம்ப்ளெயிண்டு எங்க இருந்து வருதுன்னு பாத்தா வெளிச்சத்துல இருந்து வாரதே இல்ல, கையில இருந்துதான், அதான் டோம தாங்குத அந்த ஸ்பிரிங் ஆர்ம். நிறுத்துன எடத்துல நிக்கணும். ஒரு டெமோல பெரிய டாக்டர் ஒருத்தரு ரெண்டு நிமிஷம் பேசாம அண்ணாந்து பாத்துட்டு, "என்னடே, ஒன் லைட்டு நடந்து போவுது"ன்னாரு. ப்ரேக் ஸ்க்ரூ டைட்டு பத்தல, மாட்டுன பய பாக்கல, நானும் பாக்கல. அதுக்கப்புறம் எந்த டெமோக்கும் பையில ஆலன் கீ செட்டு இல்லாம போனதில்ல.

அத விட பெரிய கூத்து சீலிங்கு. ஒரு பழைய நர்சிங் ஹோம்ல ஆர்டர் புடிச்சு, அட்வான்ஸ் வாங்கி, சரக்கும் எறக்கியாச்சு, மாட்டப் போன பயலுவ ஃபால்ஸ் சீலிங்க பிரிச்சுட்டு எனக்கு போன் போடுதானுவ, "அண்ணே மேல கான்கிரீட்டே இல்ல, கட்டையும் செங்கலும்தான் இருக்கு". மெட்ராஸ் டெரஸ்ங்க பழைய காலத்து கூரை. ரெட்டை டோம்னா தண்டு கை எல்லாம் சேந்து ஒரு ஆளு வெயிட்டுக்கு மேலயே வரும், அதுவும் கைய நீட்டுனா பாரம் நேரா கீழ எறங்காது, பக்கவாட்டுல இழுக்கும், அந்த கூரையில போல்ட் அடிச்சா நோயாளி மேலயே விழுந்துரும். கடேசில ரெண்டு சொவருக்கும் குறுக்க இரும்பு கர்டர் போட்டு அதுல தொங்க விட்டோம், செலவு எங்க கம்பெனி தலையில, திட்டு என் தலையில. கொட்டேஷன் குடுக்க முந்தி ஏணி போட்டு ஏறி கூரையப் பாருங்க, தரையில இருந்து ஸ்லாப் வரைக்கும் டேப்பு புடிச்சு அளந்துருங்க. ஏசி காத்து மேல எங்க இருந்து எறங்குதுன்னும் பாத்துக்கிடுங்க, லேமினார் ஃப்ளோ, அதான் சுத்தமான காத்து மேல இருந்து சீரா எறங்குற அமைப்பு, உள்ள தியேட்டர்ல சட்டி மாதிரி பெரிய டோம் நடுவுல நின்னா சுத்தமான காத்த மறிச்சுரும்.

ஹேண்டில் விஷயத்த சொல்ல வெக்கமா இருக்கு, ஆனாலும் சொல்லுதேன். கேஸ் ஆரம்பிக்கப் போற நேரத்துல ஃபோகஸ் எப்பிடி மாத்தணும்னு காட்டுதேன்னு வெறுங்கையால டோம் நடுவுல இருக்க ஹேண்டில புடிச்சுட்டேன். அது ஆட்டோக்ளேவ்ல, அதான் நீராவி மெஷின்ல, வெந்து கிருமி போயி வந்த ஸ்டெரைல் ஹேண்டிலு. சிஸ்டர் போட்ட சத்தத்துல மயக்க டாக்டரே திரும்பிப் பாத்தாவ. வேற ஹேண்டில் மாத்தலாம்னா இல்ல, ஏன்னா டோமுக்கு ஒண்ணுதான் நாங்க குடுத்திருந்தோம். திரும்பவும் ஸ்டெரிலைஸ் பண்ணி வார வரைக்கும் அம்புட்டு பேரும் காத்துக் கெடந்தாவ. ஆபீஸுக்கு போயி மொத வேலையா டோமுக்கு மூணு ஹேண்டில் பெட்டியிலயே வைக்கணும்னு எழுதிக் குடுத்தேன். ஹேண்டிலு ஆட்டோக்ளேவோட 121 டிகிரி, 134 டிகிரி ரெண்டு சைக்கிளையும் தாங்கணும், வெல கம்மின்னு கண்ட பிளாஸ்டிக்குல செஞ்சா நாலாவது மாசம் கோணிக்கிடும். டோமோட மூடியும் அப்பிடித்தான், தெனமும் ஸ்பிரிட் போட்டு தொடச்சே பாலிகார்பனேட்டு வெடிச்சு மங்கிப்போவும், எதுல தொடைக்கணும்னு தமிழ்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விட்டா போதும், அதக் கூட செய்ய மாட்டாவ.

பேப்பர் வேலைய சுருக்கமா சொல்லிருதேன். மெடிக்கல் டிவைசஸ் ரூல்ஸ் 2017, 2018 ஜனவரில இருந்து அமல்ல இருக்கு, 2020 ஏப்ரல்ல இருந்து எல்லா மருத்துவக் கருவியும் அதுக்குள்ள வந்துருச்சு. ஆபத்து கம்மில இருந்து கூட வரைக்கும் கருவிய ஏ, பி, சி, டின்னு வகுப்பா பிரிச்சிருக்காவ, உள்நாட்டுல செய்யுதவனுக்கு ஏ, பி வகுப்புனா மாநில லைசென்ஸ் அதிகாரி, சி, டி வகுப்புனா மத்தியில சிடிஎஸ்சிஓங்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு. எல்லாம் டிசைன் பண்ணி முடிச்சுட்டு டெஸ்ட்டு ரிப்போர்ட்டு தேடாதிங்க, எல்இடிக்கு கரண்ட் குடுக்குற டிரைவர் போர்டு ஈஎம்சி டெஸ்ட்டுல, அதான் மத்த கருவியோட மின் தொந்தரவு இல்லாம ஓடுதான்னு பாக்கதுல, ஃபெயில் ஆனா மறுபடி மொதல்ல இருந்துதான்.

விக்கப் போறப்போ டாக்டர் ஒருத்தர மட்டும் பாத்துட்டு வாரது பெரிய தப்பு. தெனமும் அத இழுத்துப் புடிக்கது ஓ.டி. சிஸ்டரும் டெக்னீசியனும், அவங்களுக்கு புடிக்கலன்னா "லைட்டு சரியில்ல சார்"னு ஒரு வார்த்தையில முடிச்சுருவாவ. அரசு ஆஸ்பத்திரியில போயி டீன் ரூம் வாசல்ல காத்துக் கெடக்கதுல பெருசா பிரயோஜனம் இல்ல, பெரிய கொள்முதல் பெரும்பாலும் டிஎன்எம்எஸ்சிங்க தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தோட டெண்டர்ல போவுது, அங்க ஸ்பெசிபிகேஷன் வரி வரியாப் பாப்பாவ. டாக்டருக்கு பரிசு, டூருன்னு எவனாவது பழைய ரூட்ட சொல்லிக்குடுத்தா காதுலயே போடாதிங்க, மருத்துவக் கருவி மார்க்கெட்டிங்குக்கே 2024ல மத்திய அரசு தனி நடத்தை விதி கொண்டாந்துருக்கு.

என்னக் கேட்டா மொத ஒரு வருஷம் சர்வீஸ்ல சேருங்க, டிகிரி இருக்குன்னு பாக்காதிங்க. நான் இப்பவும் போவேன். போன மாசம் அந்த மெட்ராஸ் டெரஸ் நர்சிங் ஹோமுக்கு ப்ரேக் டைட்டு பண்ண போயிருந்தேன், கர்டர் அப்பிடியே நிக்கு, துருவுக்கு பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காவ. கெளம்பும்போது சிஸ்டர், "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு ஹேண்டில் எங்க கணக்குல எழுதிட்டுப் போங்க"ன்னாவ.